நோட்டரி ஆவதும் நோட்டரியாக நீடிப்பதும்

பத்து வருஷம் பிராக்டிஸ் முடிந்ததும் நோட்டரிக்கு, அதாவது பத்திரங்களுக்கும் நகல்களுக்கும் சான்று அளிக்க அரசு நியமிக்கும் பதவிக்கு, மனு போடுவது மதுரை வக்கீல்கள் மத்தியில் வழக்கமான அடுத்த படி. மனு எப்படிப் போடுவது என்று சொல்லித்தர பாரில் (வக்கீல் சங்கத்தில்) சீனியர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஐந்து வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் பலருக்குச் சிக்கல் வருகிறது. அந்தச் சிக்கலுக்கான விதை முதல் வருஷத்திலேயே, செய்த வேலைகளைக் குறிக்கும் ரிஜிஸ்டரில் விட்டுப்போன ஒரு கட்டத்திலோ, ஜனவரியில் அரசுக்கு அனுப்பாமல் விட்ட ஆண்டுக் கணக்கான ரிட்டர்னிலோ விழுந்துவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் விண்ணப்பத்தையும் புதுப்பித்தலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம். நடைமுறை முழுக்க 1956ஆம் ஆண்டின் நோட்டரிகள் விதிகளில் இருக்கிறது. சட்டம் சிறியது, பதினைந்து சொச்சம் பிரிவுகள்தான். விதிகளோடு சேர்த்து ஒரு மாலையில் படித்துவிடலாம். மனு எழுத உட்காரும் முன் அந்த ஒரு மாலையை ஒதுக்குங்கள். பழைய மனுவின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி டைப் அடிக்கும் பழக்கம்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

யார் போடலாம்

விதி 3 தகுதியைச் சொல்கிறது. பொதுப் பிரிவு வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு பிராக்டிஸ். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கும் பெண்களுக்கும் 7 ஆண்டு. நீதித் துறைப் பணியில் அல்லது சட்ட அறிவு தேவைப்படும் அரசுப் பணியில் 10 ஆண்டு இருந்தவர்களும் போடலாம். அவர்களுக்கு மனுப் படிவம் வேறு.

வக்கீலாகப் பதிவு செய்த என்ரோல்மென்ட் தேதியிலிருந்து காலண்டரைப் புரட்டி 10 வருஷம் ஆகிவிட்டது என்று முடிவு செய்வது போதாது. விதி கேட்பது பிராக்டிஸ் செய்த ஆண்டுகளை. நடுவில் ஒரு கம்பெனியில் முழுநேரச் சம்பள வேலைக்குப் போயிருந்தால் பார் கவுன்சில் விதிப்படி அந்தக் காலத்துக்கு பிராக்டிஸை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் கணக்கில் வராது. 2010க்குப் பிறகு படித்து முடித்தவர்கள் அகில இந்திய பார் தேர்வில் தேறிய சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 7 ஆண்டுச் சலுகையில் போடுபவர்கள் சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் தந்தை பெயரும் என்ரோல்மென்ட் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னால் விரித்தும் இருப்பது நம் ஊரில் சகஜம். அதற்கு ஒரு விளக்க அபிடவிட்டை (பிரமாணப் பத்திரத்தை) மனுவோடேயே வைத்துவிட்டால் மனு திரும்பி வராது.

மாநிலமா, மத்திய அரசா

இரண்டு அரசுகளுக்கும் நியமிக்கும் அதிகாரம் உண்டு. மாநில அரசு தன் மாநிலம் முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நியமிக்கும், மத்திய அரசு நாடு முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நியமிக்கும். மத்திய அரசு நியமித்தாலே இந்தியா முழுக்கச் செல்லும் என்ற நம்பிக்கை பாரில் இருக்கிறது, அது சரியல்ல. சான்றிதழில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. செய்யும் வேலையின் சட்ட மதிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மாநில நோட்டரிக்குக் கோப்பு முடிவாவது சென்னை தலைமைச் செயலகத்தில், சட்டத் துறையில். மத்திய நோட்டரிக்குப் புது தில்லியில், சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறையில். மத்திய அரசு 2024 செப்டம்பரில் நோட்டரி போர்ட்டல் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. விண்ணப்பம், தகுதிச் சரிபார்ப்பு, டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்றிதழ், புதுப்பித்தல், பகுதி மாற்றம், ஆண்டு ரிட்டர்ன் எல்லாவற்றையும் அதன் வழியாகக் கொண்டுவருவதுதான் திட்டம். மத்திய நோட்டரியாக இருப்பவர்கள் அதில் உள்ள அறிவிப்புகளை அவ்வப்போது பார்ப்பது நல்லது. மனுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் இரண்டையும் போடும் சமயத்தில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டே கட்டுங்கள். பழைய சேலானில் இருந்த தொகையை அப்படியே கட்டி, குறைவுத் தொகைக்காகக் கோப்பு நிற்பது தேவையில்லாத தாமதம்.

மெமோரியலும் ஐந்து கையெழுத்தும்

மனுவை மெமோரியல் என்றுதான் சொல்வார்கள். வக்கீல்களுக்கு விதிகளின் இணைப்பில் உள்ள படிவம் 1. நேரடியாகச் சென்னைக்குத் தபாலில் அனுப்பக்கூடாது. நீங்கள் பிராக்டிஸ் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிபதி வழியாகவோ அந்த நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயத்தின் தலைமை அலுவலர் வழியாகவோதான் போக வேண்டும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர் நீதிமன்றங்களில் பிராக்டிஸ் செய்பவர்களுக்கும் மதுரை முதன்மை மாவட்ட நீதிபதி வழிதான் நேர் வழி. கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலோ தொழிலாளர் நீதிமன்றத்திலோ மட்டும் ஆஜராகிறவர்களுக்கு விதி தரும் இரண்டாவது வழி பயன்படும்.

மெமோரியலில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே ஐந்து பேர் மேலொப்பம் இட வேண்டும்: ஒரு மாஜிஸ்திரேட், தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றின் மேலாளர், ஒரு வியாபாரி, நீங்கள் தொழில் செய்யப்போகும் பகுதியின் முக்கியப் பிரமுகர்கள் இருவர். இந்த இடத்தில்தான் நிறைய மனுக்கள் தடுக்கி விழுகின்றன, ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாஜிஸ்திரேட் என்றால் ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தே கேள்விக்கு இடமில்லாதது. அதை முதலில் வாங்காதீர்கள், கடைசியில் வாங்குங்கள். மற்ற நால்வரின் கையெழுத்தும் விவரமும் நிரம்பிய மனுவைப் பார்த்துக் கையெழுத்திடுவது அவருக்கும் எளிது. கையெழுத்துக்குக் கீழே பெயர், நீதிமன்றம், தேதி, அலுவலக முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். தேதி இல்லாத மேலொப்பம் பின்னால் சந்தேகத்தைக் கிளப்பும்.

வங்கி மேலாளர் விஷயத்தில் தவறு அடிக்கடி நடக்கிறது. நம் பகுதி வியாபாரிகளும் வக்கீல்களும் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலும் கரூர் வைஸ்யா வங்கியிலும் கணக்கு வைத்திருப்பது அதிகம். பழக்கமான மேலாளர் என்று அங்கே போய்க் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அவை தனியார் வங்கிகள், விதி கேட்பது தேசியமயமாக்கப்பட்ட வங்கி. ஸ்டேட் வங்கி அரசு வங்கிதான் என்றாலும் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அதனால் 1969இல் தேசியமயமான இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்ற ஒன்றின் கிளை மேலாளரிடம் வாங்குவது உத்தமம். உதவி மேலாளர் 'மேலாளருக்காக' என்று போட்டுத் தரும் கையெழுத்தை வாங்கி வராதீர்கள்.

வியாபாரியிடம் பெயர், கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் உள்ள முத்திரையோடு வாங்குங்கள். கீழமாசி வீதி மொத்த வியாபாரியோ கப்பலூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவரோ, யாராக இருந்தாலும் அந்தப் பகுதியில் தொழில் நடத்துபவராக இருக்க வேண்டும். பிரமுகர் இருவருக்கும் இதே கணக்குதான். பேரையூர்ப் பகுதிக்கு மனு போட்டுவிட்டு மதுரை அண்ணா நகர் டாக்டர் இருவரிடம் கையெழுத்து வாங்கினால் 'அந்தப் பகுதியில்' என்ற விதியின் சொல் அடிபடுகிறது. இருவரும் உங்கள் குடும்பத்தாராகவோ உங்கள் ஜூனியர்களாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதி அப்படித் தடை சொல்லவில்லை என்றாலும், அறிக்கை எழுதுபவர் கண்ணில் அது நன்றாகப் படாது.

இணைப்புகளில் என்ரோல்மென்ட் சான்றிதழ் நகல், பார் அசோசியேஷனின் பிராக்டிஸ் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று, தேவைப்பட்டால் சாதிச் சான்றிதழ், போட்டோ ஆகியவற்றை வரிசை எண்ணிட்டுக் கோர்த்து, மேலே ஓர் அட்டவணைத் தாள் வையுங்கள். நடத்திய வழக்குகளின் பட்டியலும் ஒன்று தயார் செய்யுங்கள். வெறும் எண்ணிக்கை போதாது. புரோநோட் வழக்கு, செக் வழக்கு, கூட்டுவணிகத் தகராறு, ஒப்பந்த வழக்கு என்று வணிகச் சட்டம் சார்ந்தவை தனியாகத் தெரிய வேண்டும். ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

அரசு எதைப் பார்க்கிறது

மனு முழுமையில்லை, தகுதியில்லை, முந்தைய மனு நிராகரிக்கப்பட்டு 6 மாதம் ஆகவில்லை என்று தெரிந்தால் விதி 6இன்படி அதிகாரி எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுபடியான மனுவை மறுநாளே திருத்திப் போடவும் முடியாது, மறுபடி 6 மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு தாளைச் சேர்க்க மறந்ததற்கு அரை வருஷம் போவது கொஞ்சமும் தகாத விலை. இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால், நீங்கள் கேட்ட பகுதியின் பார் அமைப்புகளிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள்.

பிறகு விதி 7. மனுதாரர் அந்தப் பகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரா, அந்தப் பகுதியின் வணிக முக்கியத்துவத்தையும் ஏற்கெனவே இருக்கும் நோட்டரிகளின் எண்ணிக்கையையும் பார்த்தால் இன்னொருவர் தேவையா, அவருக்கு வணிகச் சட்ட அறிவும் போதிய பிராக்டிஸும் உண்டா, ஒரே வக்கீல் அலுவலகத்தில் ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள், அதே பகுதிக்கு வேறு மனுக்கள் நிலுவையில் உள்ளனவா என்றெல்லாம் எடைபோட வேண்டும். மாநிலவாரி எண்ணிக்கைக்கு விதிகளின் அட்டவணையில் உச்சவரம்பும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றியும் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளை வாசலிலும் நோட்டரிப் பலகைக்குப் பஞ்சமில்லை. பேரையூரிலோ வாடிப்பட்டியிலோ குடியிருந்து அங்கேயே பிராக்டிஸ் செய்கிற ஒருவர், மதுரை டவுனில் கூட்டம் அதிகம் என்று டவுனுக்கு மனு போடுவது தன் பலத்தைத் தானே விட்டுக்கொடுப்பது. குடியிருப்பு, தேவை இரண்டு கேள்விக்கும் சொந்த ஊரில் அவருக்கு நேரான பதில் இருக்கிறது. மக்களுக்கும் அதுதான் நல்லது. ஒரு பிரமாணப் பத்திரத்துக்காக எழுமலையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுவது ஒரு நாள் கூலியை இழப்பதுதான்.

மத்திய நோட்டரிக்கு நேர்காணல் உண்டு. நோட்டரியின் வேலைகளைச் சொல்லும் நோட்டரிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் நோட்டிங் (மறுப்பைக் குறிப்பது), புரோட்டெஸ்ட் (அதற்குச் சான்று தருவது) தொடர்பான பகுதியும் மனப்பாடமாக இருக்கட்டும். உண்டியல், புரோநோட் மறுக்கப்பட்டால் நோட்டரி என்ன செய்வார் என்று கேட்டால் விழிக்கக்கூடாது. அபிடவிட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதிதான் பலவீனம்.

நியமனம் ஆனதும்

நியமன உத்தரவு வந்துவிட்டது என்பதற்காக அன்றே சீல் குத்தத் தொடங்கக்கூடாது. கட்டணம் கட்டி, பதிவேட்டில் பெயர் ஏறி, தொழில் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தொழில். சான்றிதழ் 5 ஆண்டு செல்லும். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அது 3 ஆண்டு.

சீல் விஷயத்தில் விதி 12 தெளிவாக இருக்கிறது. அலங்காரமில்லாத வட்ட முத்திரை, விட்டம் 5 சென்டிமீட்டர். அதில் உங்கள் பெயர், நியமிக்கப்பட்ட பகுதி, பதிவு எண், நோட்டரி என்ற சொல், நியமித்த அரசின் பெயர். முத்திரை செய்யும் கடைக்காரர் கணினியில் தயாராக வைத்திருக்கும் டிசைனைக் காட்டுவார். அதில் நடுவில் சிங்க முகச் சின்னம் இருக்கும், அதை எடுக்கச் சொல்லுங்கள். அரசுச் சின்னத்தைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே இருக்கிறது. பதிவு எண் இல்லாத சீல், பகுதியைக் குறிக்காமல் 'தமிழ்நாடு' என்று மட்டும் போட்ட சீல், 4 சென்டிமீட்டரில் கச்சிதமாகச் செய்த சீல், எல்லாமே வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போகும் ஆவணத்தில் திரும்பி வரக் காரணமாகும். சிவப்பு ரோஜா ஸ்டிக்கரும் தங்க நிற ஸ்டிக்கரும் அழகுக்கு, சட்டம் கேட்பது கையெழுத்தும் இந்த முத்திரையும்தான். கையெழுத்துக்கு அருகில் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சின்ன ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வங்கிக்காரர்களும் பாஸ்போர்ட் வேலைக்கு வருபவர்களும் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

சான்றிதழில் சொன்ன பகுதிக்குள் அலுவலகமும், வெளியே தெரியும்படி பெயர்ப் பலகையும் வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதி மாட்ட வேண்டும் என்பதும் விதி. இதை மாட்டாதவர்களே அதிகம். மாட்டிவிட்டால் பேரமும் இல்லை, பின்னால் புகாரும் இல்லை.

ரிஜிஸ்டர்

படிவம் 15இன்படி நோட்டரி ரிஜிஸ்டர். புதுப் புத்தகத்தைத் திறந்ததும் பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் பக்கத்தில் இத்தனை பக்கம் உள்ளது என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். இதைச் செய்யாமல் பாதிப் புத்தகம் ஓடிவிட்டால் நடுவில் தாள் சேர்த்தார்கள், கிழித்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வழியிருக்காது. மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அலுவலரோ ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மிகாமல் இந்த ரிஜிஸ்டரைத் தணிக்கை செய்யலாம், குறை கண்டால் அரசுக்கு அறிக்கை அனுப்பலாம்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் உதாரணம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். மலேசியாவில் இருக்கும் மகனுக்கு அங்கே ஒரு கணக்கை முடிக்கப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும். பத்திரம் ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்கிறது, அவருக்குக் கைநாட்டுதான். குமாஸ்தா தாளை நீட்டியதும் சீல் வைப்பது வேலை அல்ல. "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று நேரே அவரிடமே கேட்க வேண்டும். கூட வந்தவர் பதில் சொன்னால் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் தன் வாயால் "என் மகனுக்கு அங்க உள்ள கணக்கை முடிக்க அதிகாரம் குடுக்குறேன்" என்று சொன்ன பிறகு, உங்கள் முன்னிலையில் இடது பெருவிரல் ரேகை. சான்றுரையில், இதிலுள்ள விவரங்கள் தமிழில் வாசித்து விளக்கப்பட்டன, புரிந்துகொண்டதாகச் சொன்னார், என் முன் ரேகை வைத்தார் என்று எழுத வேண்டும். அவரை அடையாளம் காட்டியவரின் பெயர், கையெழுத்து. ரிஜிஸ்டரில் வரிசை எண், தேதி, செயலின் வகை, அம்மாவின் பெயரும் முழு முகவரியும், பத்திரத்தின் சாரம் ஒரு வரியில், ஒட்டிய நோட்டரி ஸ்டாம்ப், வாங்கிய கட்டணம், ரசீது எண், அங்கேயும் அவருடைய ரேகை, கடைசியில் உங்கள் கையெழுத்து. ரிஜிஸ்டர் வரிசை எண்ணைப் பத்திரத்திலும் எழுதுங்கள். ஆறு வருஷம் கழித்து ஒரு நீதிமன்றத்தில் "இது நீங்கள் போட்ட கையெழுத்தா?" என்று கேட்டால் அந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும். நோட்டரி முன் எழுதிக்கொடுத்த பவருக்குச் அது முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டதுதான் என்ற அனுமானத்தைச் சாட்சியச் சட்டம் தருகிறது. அந்த அனுமானத்தின் வேர் இந்த ஒரு வரிப் பதிவில் இருக்கிறது.

'சாரம்' என்ற கட்டத்தில் வெறுமனே 'அபிடவிட்' என்று எழுதுவது மிகப் பரவலான குறை. என்ன அபிடவிட்? பெயர் மாற்றமா, வாரிசு விவரமா, கேஸ் இணைப்பு மாற்றமா? நான்கு சொல் கூடுதலாக எழுதினால் போதும். கையெழுத்து மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று காலியாக விட்ட கட்டம் தணிக்கையில் தனியாகத் தெரியும். வாங்கும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீதும், கட்டணத்துக்கென்று தனிக் கணக்கும் விதி கேட்பவை.

எதில் சீல் வைக்கக்கூடாது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணம் செய்துகொண்டோம், விவாகரத்து செய்துகொண்டோம் என்ற பத்திரங்களில் வைக்காதீர்கள். நோட்டரிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் சொன்னதைச் சுட்டி, மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் குறிப்பாணையே அனுப்பியது. இப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனமாகவே பார்க்கப்படும். ஆள் வராமல் தாள் மட்டும் வந்தால் வைக்காதீர்கள். அசலைப் பார்க்காமல் நகலுக்கு 'உண்மை நகல்' போடாதீர்கள். நீங்கள் வக்காலத்து போட்ட வழக்கின் அபிடவிட்டை நீங்களே அட்டெஸ்ட் செய்யாதீர்கள். சான்றிதழில் உள்ள பகுதிக்கு வெளியே, திருமணத்துக்குப் போன ஊரில் ஒரு அவசரம் என்றாலும் வைக்காதீர்கள். நிலம் விற்க நோட்டரிப் பத்திரமே போதும் என்று நம்பி வருகிறவர்களிடம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் கிரயம் ஆகாது என்று சொல்லி அனுப்புங்கள். அவர்கள் அன்று கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஜனவரி ரிட்டர்ன்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில், முந்தைய ஆண்டு செய்த நோட்டரிச் செயல்களின் கணக்கைப் படிவம் 14இல் உங்களை நியமித்த அரசுக்கு அனுப்ப வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி உட்கார்ந்து ஒரு வருஷ ரிஜிஸ்டரைக் கூட்டுவது நடக்கிற காரியமில்லை. மாதக் கடைசியில் அந்த மாதப் பதிவுகளின் கீழே வகைவாரியாக எண்ணிக்கையும் கட்டணமும் கூட்டி எழுதிவிடுங்கள். அப்படிச் செய்தால் ரிட்டர்ன் என்பது பன்னிரண்டு வரிகளைக் கூட்டும் வேலைதான்.

வேலையே செய்யாத ஆண்டுக்கும் 'இல்லை' என்று ரிட்டர்ன் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையும் ரிட்டர்னின் நகலையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மத்திய நோட்டரி என்றால் போர்ட்டல் தரும் ரசீதை அச்செடுத்து அதே ஃபைலில் வையுங்கள். இந்த ஃபைலைச் சான்றிதழோடு சேர்த்து வைப்பது என் சிபாரிசு. புதுப்பிக்கும்போது ஐந்து ரிட்டர்ன் அனுப்பியதற்கு அத்தாட்சி கேட்டால் பீரோவைக் குடைய வேண்டியிருக்காது.

புதுப்பித்தல்

விதி 8பி சொல்வது, சான்றிதழ் முடியும் தேதிக்கு 6 மாதம் முன்பே புதுப்பிக்கும் மனு போய்ச் சேர வேண்டும். படிவம் 16. உதாரணமாக, 2021 ஜூன் 15இல் வழங்கிய சான்றிதழ் 2026 ஜூன் 14 வரை செல்லும். மனு 2025 டிசம்பர் 14க்குள் சேர்ந்திருக்க வேண்டும். கணக்கைத் தொடங்க வேண்டிய தேதி சான்றிதழ் வழங்கிய தேதி. நியமன உத்தரவின் தேதியையோ கெஜட் தேதியையோ வைத்துக் கணக்குப் போட்டவர்கள் தடுமாறியிருக்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே நாலரை வருஷம் தள்ளி ஒரு தேதியை மொபைலில் நினைவூட்டலாகப் போட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொன்றும் போடுங்கள். தாள்கள் சேர்க்க அந்த இரண்டு மாதம் வேண்டும்.

மனுவோடு நடப்புச் சான்றிதழின் நகல், கட்டணம் கட்டிய அத்தாட்சி, ஐந்து ஆண்டு ரிட்டர்ன்களின் நகல், இன்றும் பிராக்டிஸில் இருக்கிறேன் என்பதற்குப் பார் சான்று, குற்ற வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ நிலுவையில் இல்லை என்ற அபிடவிட் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். இந்த அபிடவிட்டில் உண்மையை மட்டும் எழுதுங்கள். ஒரு சின்ன வழக்கு இருந்தால் அதன் எண்ணோடும் நிலையோடும் சொல்லிவிடுவது மறைப்பதைவிட எவ்வளவோ மேல். வீடோ அலுவலகமோ மாறியிருந்தால் அந்தத் தகவலை முன்னமே அரசுக்குத் தெரிவித்து, பதிவேட்டில் திருத்திக்கொள்ளுங்கள். பழைய முகவரிக்குப் போன குறைபாட்டுக் கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பினால் உங்கள் மனு எங்கே நிற்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. பகுதியை விரிக்கவோ மாற்றவோ வேண்டுமானால் அது தனி மனு, தனிக் கட்டணம். புதுப்பிக்கும் மனுவுக்குள் ஒரு வரியாக நுழைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து நிற்கும்.

மனு போட்டாயிற்று, சான்றிதழ் முடிந்தும் விட்டது, புது உத்தரவு வரவில்லை. அப்போது என்ன செய்வது? இங்கேதான் நான் யாரோடும் சமரசத்துக்கு வரமாட்டேன். 'புதுப்பிக்க விண்ணப்பித்துள்ளேன்' என்று சீலுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். சட்டத்தின் 9ஆம் பிரிவு நடப்பில் உள்ள சான்றிதழ் இல்லாமல் எந்த நோட்டரிச் செயலும் செய்யக்கூடாது என்கிறது. மனு நிலுவையில் இருப்பது சான்றிதழ் ஆகாது. மீறினால் 12ஆம் பிரிவின் கீழ் ஓர் ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் 10ஆம் பிரிவில் இடமிருக்கிறது. உங்களுக்கு வரும் தண்டனையைவிடப் பெரிய கவலை, அந்த இடைவெளியில் உங்களை நம்பி வந்தவர்களின் தாள்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் பிரமாண வாக்குமூலம் அந்த ஒரு காரணத்துக்காகவே எதிர்த்தரப்பின் ஆட்சேபத்துக்கு ஆளாகும். அவர் செய்த தவறு, பலகையைப் பார்த்து உள்ளே வந்தது மட்டும்தான்.

ஆகவே சான்றிதழ் முடியும் நாளன்று மாலை ரிஜிஸ்டரில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, தேதியும் கையெழுத்தும் இடுங்கள். சீலைப் பூட்டி வையுங்கள். பலகையில் நோட்டரி என்ற வரியை மூடிவிடுங்கள். வருபவர்களைப் பக்கத்தில் சான்றிதழ் நடப்பில் உள்ள நோட்டரியிடம் அனுப்புங்கள். வக்கீல் வேலைக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. மனு சேர்ந்த தேதி, கட்டணம் கட்டிய விவரம், அனுப்பிய இணைப்புகள் மூன்றையும் குறிப்பிட்டுச் சட்டத் துறைக்கு மாதம் ஒரு நினைவூட்டல் கடிதம் போடுங்கள். மாவட்ட நீதிபதி அலுவலகம் வழியாகப் போன தாள் என்றால், சென்னைக்கு எந்த எண்ணில் எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று அங்கே கேட்டு அந்த எண்ணையும் கடிதத்தில் சேருங்கள். அந்த எண் இல்லாத நினைவூட்டலைக் கோப்போடு சேர்க்கவே நாளாகும்.

புதுச் சான்றிதழ் வந்ததும் முதலில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயரின் எழுத்து, பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. தொடக்கத் தேதி பழைய சான்றிதழ் முடிந்த மறுநாளா அல்லது இடையில் நாட்கள் விடுபட்டுள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் ரிஜிஸ்டரில் அந்த நாட்களுக்குப் பதிவு எதுவும் இல்லை என்பது நீங்கள் போட்ட கோட்டிலேயே தெரியும். பிறகு 'இந்தத் தேதி வரை செல்லும்' என்ற ரப்பர் ஸ்டாம்பைப் புதுத் தேதியோடு செய்துகொண்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே புதுச் சான்றிதழின் எண்ணையும் காலத்தையும் எழுதி, அடுத்த வரிசை எண்ணிலிருந்து பதிவைத் தொடருங்கள்.